மரங்களின் உறவு கண்ட மருத்துவர்
டாக்டர் இராபர்ட் வைட் வரலாறு

பெயரை வைத்து உறவு கொண்டாடுவது மனிதர்க்குள் உள்ள வழக்கம். அவ்வழக்கத்தை நாம் மரங்களின்மீதும் ஏற்றியிருக்கிறோம். மருது, கருமருது, பூமருது என்று மூன்று பெயர்களைக் கேட்பவர், மூன்றும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்றே எண்ணுவர். உண்மை அவ்வாறன்று. மருதும் கருமருதும் உடன்பிறப்புகள். பூமருதோ முற்றிலும் வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது. மற்றொரு புறம், திரிபலையில் சேரும் கடுக்காயும் தான்றிக்காயும், கடற்கரை ஊர்களில் குடைபோல் விரிந்து நிழல் தரும் நாட்டு வாதுமையும், பெயரில் மருது என்னும் சொல்லைத் தாங்காதவை. ஆயினும் அவையே மருதின் நெருங்கிய சுற்றம். ஊர் இட்ட பெயர் ஒரு வழி செல்கிறது. இயற்கை வகுத்த உறவு வேறு வழி செல்கிறது.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுப் படிப்பன்று. மருந்துக் கடையில் பட்டை வாங்குபவர்க்கும், காட்டில் மரம் வெட்டுபவர்க்கும், வயலில் விதைப்பவர்க்கும் இது வாழ்வைத் தொடும் செய்தியாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காய்ச்சலுக்கு மருந்தாக ஐரோப்பாவில் விற்கப்பட்ட அங்கொஸ்துரா என்னும் தென்னமெரிக்க மரப்பட்டையோடு, நம் நாட்டு எட்டி மரத்தின் பட்டை கலந்துவிட்டது. பார்வைக்குப் பட்டையும் பட்டையும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் நோய் தீர வேண்டியவர் உயிர் துறந்தனர். அந்த எட்டிக்கும் ஒரு நல்ல உறவினர் உண்டு. கலங்கிய நீரைத் தெளிய வைக்க நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேய்த்த தேற்றாங்கொட்டையைத் தரும் தேற்றா மரமே அது. இரண்டிற்கும் இலைகள் எதிரெதிராக அமைந்தவை. இரண்டிலும் இலையடியிலிருந்து சில நரம்புகள் ஒருங்கே மேலெழும். காயைக் கண்டால்தான் தெளிவு பிறக்கும். எட்டியின் கனி ஆரஞ்சு நிறத்தில் உருண்டு பெருத்து, தட்டையான பல விதைகளைக் கொண்டிருக்கும். தேற்றாவின் கனி சிறியது, கறுத்தது, பெரும்பாலும் ஒரே விதை உடையது. ஒன்று நஞ்சு, மற்றொன்று நீருக்குத் துணை.

இத்தகைய உறவுகளையும் வேற்றுமைகளையும் தென்னிந்திய மரஞ்செடிகளுக்குள் ஆராய்ந்து நிலைநாட்டுவதில் தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டவர் டாக்டர் இராபர்ட் வைட். இன்று இத்தில்லி மாநகரின் சாலைகள் சிலவற்றில் நமக்கு நிழல் தரும் மரத்தை இவ்வூரார் அர்ஜுன் என்று அழைக்கின்றனர். காவிரிக் கரையில் நம் முன்னோர் கண்ட மருதும், திருவிடைமருதூரின் தல விருட்சமாகிய மருதும் அதுவே. டெர்மினாலியா அர்ஜுனா என்னும் அதன் உலகப் பெயருக்குப் பின்னால், அப்பெயரை அவ்வாறு அமைத்தவர் என்னும் முறையில் வைட்டின் பெயர் இன்றும் எழுதப்படுகிறது.

இளமையும் கல்வியும்

வைட் 1796ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தார். அவர் தந்தையார் எடின்பரோ நகரில் வழக்கறிஞர் தொழில் புரிந்தவர். பிள்ளைகள் பலர் நிறைந்த பெருங்குடும்பம் அது. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற வைட், 1818ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாளில் மருந்துகளிற் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்தே கிடைத்தமையால், தாவர நூல் மருத்துவக் கல்வியின் ஓர் உறுப்பாக விளங்கிற்று. அங்கு அவருக்கு அதனைக் கற்பித்தவர், நைட்ரஜன் வாயுவைக் கண்டறிந்த டேனியல் ரதர்போர்டு ஆவார்.

1819ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியின் துணை மருத்துவராகச் சென்னை இராசதானிக்கு வைட் வந்து சேர்ந்தார். படைவீரரின் காய்ச்சலையும் காயத்தையும் பார்ப்பது அவருடைய கடமை. அப்பணி முடிந்தபின் எஞ்சிய நேரத்தில் வழியோரத்துச் செடிகளைப் பறித்து உலர்த்துவது அவருடைய விருப்பம். படைப்பிரிவோடு கட்டுண்டவர் நினைத்த இடமெல்லாம் செல்ல இயலாது. ஆகையால் நம் நாட்டவர் சிலரைப் பழக்கி, மலைகளுக்கும் காடுகளுக்கும் அனுப்பிச் செடிகளைத் திரட்டி வரச் செய்தார். அவர் புகழுக்கு அடித்தளம் இட்டவர்களுள் பெயர் அறியப்படாத அவ்வேலையாட்களும் அடங்குவர்.

அவருக்கு முன்னரும் இந்நாட்டுச் செடிகளை ஆராய்ந்தோர் உண்டு. தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் என்பார் லின்னேயஸ் பெருமகனாரின் மாணாக்கர். பாதிரியார் ராட்லர் செடிகளைத் திரட்டியதோடு அமையாது, தமிழ் ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தவர். ராக்ஸ்பரோ சோழமண்டலக் கரையில் தொண்டாற்றிப் பின்னர்க் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைமை ஏற்றவர். இவர்கள் அமைத்த வழியிலேயே வைட் நடந்தார். ஆயினும் அவ்வழியை அவர் நெடுந்தொலைவு நீட்டினார்.

பதவி போயிற்று, பணி போகவில்லை

1826ஆம் ஆண்டில் சென்னையில் கும்பினியின் இயற்கை நூல் ஆய்வாளர் என்னும் பதவி வைட்டுக்குக் கிடைத்தது. விரும்பிய தொழிலே உத்தியோகமாக வாய்த்தது என்று அவர் மகிழ்ந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் இரண்டே ஆண்டுகளில், ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1828இல் அப்பதவியே ஒழிக்கப்பட்டது. அலுவலகத்தில் சேர்த்து வைத்திருந்த உலர்தாவரத் தொகுப்புகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட் மீண்டும் படை மருத்துவரானார், நாகப்பட்டினத்திற்கு மாற்றப்பட்டார்.

மனம் தளர்ந்து கைவிடுவார் பலர்; வைட் அப்படிச் செய்யவில்லை. நாகையில் இருந்தபடியே தம் சொந்த முயற்சியில் செடிகளைத் திரட்டினார். அங்கேதான் அவருடைய பணியின் போக்கை மாற்றிய துணை ஒன்றும் நிலைபெற்றது. ரங்கையா என்னும் தென்னாட்டு ஓவியரைக் கொண்டு செடிகளை வரையச் செய்து, அப்படங்களைக் கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பினார். ஹூக்கர் அவற்றை வியந்து ஏற்றுத் தம் வெளியீட்டில் அச்சிட்டார்.

1831இல் வைட் விடுமுறை பெற்றுத் தாயகம் சென்றபோது, அவருடன் சென்ற செடிகளின் நிறை இரண்டு டன் என்பர். ஏறத்தாழ ஓர் இலட்சம் உலர்மாதிரிகள். அவற்றுள் மூவாயிரத்திற்கும் நாலாயிரத்திற்கும் இடைப்பட்ட இனங்கள். ஈரமும் பூஞ்சையும் கறையானும் தின்னாமல் இத்தனையையும் காத்துக் கடல் கடத்திய உழைப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரே இனத்தின் பல படிகளைத் தமக்கென்று பூட்டி வைக்காமல், பல நாட்டு அறிஞர்க்கும் பங்கிட்டு அளித்தார்.

மோதிரம் எண்ணும் முறையும் உறவு காணும் முறையும்

விடுமுறை நாள்களில் வாக்கர் ஆர்னட் என்னும் ஸ்காட்லாந்து அறிஞருடன் சேர்ந்து வைட் எழுதிய நூல் 1834ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியத் தீபகற்பத்துத் தாவரங்களைப் பற்றிய அந்நூல் புரோட்ரோமஸ் என்னும் இலத்தீன் பெயரால் வழங்குவது. முதல் தொகுதியோடு அது நின்றுவிட்டது எனினும், அதன் சிறப்புக் குறையவில்லை. ஏன் எனில், அது பின்பற்றிய முறை அத்தகையது.

அதற்கு முன்பு லின்னேயஸ் வகுத்த முறையே இந்தியத் தாவர நூல்களில் ஆட்சி செலுத்தியது. மலரில் உள்ள கேசரங்களை எண்ணி, எண்ணிக்கை ஒத்தவற்றை எல்லாம் ஒரே வகுப்பில் வைப்பது அம்முறை. கற்பதற்கு எளிது, ஆனால், திருமணத்திற்கு வந்தவர்களை உறவு பாராமல், விரலில் உள்ள மோதிரங்களை எண்ணிப் பந்தியில் அமர்த்துவது போன்றது. அண்ணன் ஒரு மூலையிலும் தம்பி மற்றொரு மூலையிலும் அமர நேரும். வைட்டும் ஆர்னட்டும் இயற்கை முறையைக் கையாண்டனர். மலர், சூலகம், கனி, விதை, இலையமைப்பு ஆகிய பலவற்றையும் ஒருங்கே நோக்கி, உண்மைச் சுற்றத்தாரை ஒன்றுசேர்க்கும் முறை அது. பின்வந்த ஜோசப் ஹூக்கரும் தாம்சனும் இந்தியத் தாவர நூல்களுள் இதனை மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றினர்.

மருதின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ராக்ஸ்பரோ மருதையும் கருமருதையும் கண்டு, அவற்றின் காயில் ஐந்து சிறகுகள் இருப்பதால் ஐந்து சிறகுடையது என்னும் பொருளில் பென்டாப்டெரா என்று தனிப் பேரினமாக வைத்தார். கடுக்காயும் தான்றியும் சிறகில்லாக் காய்கள்; ஆதலால் அவை டெர்மினாலியா என்னும் வேறு பேரினத்தில் நின்றன. வைட்டும் ஆர்னட்டும் மலரைப் பிரித்து நோக்கினர். இதழில்லாத சிறு மலர், ஐந்து மடல், பத்துக் கேசரம் என்னும் அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. காயின் சிறகு ஒன்றை மட்டும் கொண்டு உடன்பிறந்தாரைப் பிரிப்பது தகாது என்று துணிந்து, மருதையும் கருமருதையும் 1834ஆம் ஆண்டு நூலில் டெர்மினாலியாவுடன் சேர்த்தனர். அம்முடிவு இன்றும் நிலைத்திருக்கிறது.

ஒன்றுசேர்த்த பின் பிரித்தறிவதும் வேண்டுமல்லவா? மருதின் பட்டை வெளிறி வழவழப்பாக, பெரிய தகடுகளாக உரியும். கருமருதின் பட்டை கறுத்து, முதலையின் தோல்போல் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். மருதில் இலைக்காம்பு இலையோடு கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கும். கருமருதில் அவை இலையின் அடிப்பக்கத்தில் நடுநரம்பை ஒட்டியிருக்கும். காயின் சிறகிலும் குறிப்பு உண்டு. மருதின் சிறகில் கோடுகள் மேல்நோக்கி வளையும். கருமருதின் சிறகில் அவை நேராக விளிம்பை நோக்கிச் செல்லும். மருதம்பட்டையை இருதய நோய்க்கு மருந்தாகக் கொள்ளும் வைத்தியர்க்கு இவ்வடையாளங்கள் வேண்டுவன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அரக்கு ஒட்டிய கிளை

உலர்ந்த மாதிரி ஒன்றையே நம்பி, உயிருள்ள மரத்தைக் காணாதோர் எய்தும் இடருக்கு அக்காலத்துக் கதை ஒன்று உண்டு. இரேவற்சின்னிப் பால் என்பது ஒருவகை மரத்தின் பால்; ஓவியர்க்கு மஞ்சள் வண்ணமாகவும், மருத்துவர்க்குப் பேதி மருந்தாகவும் பயன்பட்டது. அது எந்த மரத்தின் பால் என்று ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். கோனிக் அனுப்பிய மாதிரி ஒன்றை ஆதாரமாகக் கொண்டு புதுப்பெயர் ஒன்றும் சூட்டப்பட்டது. பின்னர் லண்டனில் அம்மாதிரியைக் கூர்ந்து ஆராய்ந்தபோது, அது ஒரு செடியன்று, இரண்டு வெவ்வேறு மரங்களின் பகுதிகளை அரக்கினால் ஒட்டியது என்பது தெரியவந்தது! இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவை. இன்று இரண்டுமே கார்சினியா என்னும் ஒரே பேரினத்தில் அடங்குவன. உறவின் நெருக்கமே கண்ணை மறைத்தது. வைட்டும் இச்சிக்கலைத் தம் விளக்கப்பட நூலில் எடுத்து ஆராய்ந்தார்.

கல்லச்சில் மலர்ந்த காடு

1834இல் வைட் இந்தியாவுக்குத் திரும்பி, பல்லாரியில் இருந்த படைப்பிரிவில் சேர்ந்தார். அப்படைப்பிரிவு பாளையங்கோட்டைக்கு மாறியபோது ஏறத்தாழ 700 மைல் நடைப்பயணமாக அமைந்தது. மற்றவர்க்குக் களைப்பூட்டிய அவ்வழி, வைட்டுக்குச் செடிகளின் கண்காட்சியாயிற்று. குற்றாலத்து மலைச்சாரலும் அவருக்குப் பல புதிய இனங்களை அளித்தது.

இந்நாட்டில் இருந்துகொண்டே செடிகளை ஆராய விரும்புவோர்க்கு நூல்களும் ஒப்பிட்டுப் பார்க்க உலர்மாதிரிகளும் இல்லை என்பது அவருடைய பெருங்குறையாக இருந்தது. மரம் இங்கே; அதன் விளக்கமோ லண்டனிலும் பாரிசிலும்! இலத்தீன் சொற்களாலான விளக்கத்தைப் படித்து நெருங்கிய இனங்களைப் பிரித்தறிதல் கற்றவர்க்கும் கடினம். நல்ல படம் ஒன்றிருந்தால் எவரும் ஒப்பிட்டுக் காணலாம். ஆகையால் கல்லச்சு முறையைக் கைக்கொண்டு, படங்களைச் சென்னையிலேயே அச்சிட முற்பட்டார். அரசாங்க ஆதரவோடு தம் பொருளையும் இட்டார்.

1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய ஐகோனஸ் என்னும் படநூலில் 2101 படங்கள் உள்ளன. இதனுடன் வண்ணப் படங்கள் கொண்ட இந்தியத் தாவர விளக்க நூலும், நீலகிரிச் செடிகளைப் பற்றிய தனி நூலும் வெளிவந்தன. படங்களில் இலையும் கிளையும் மட்டும் இல்லை. மலரை விரித்தும், சூலகத்தை அறுத்தும், விதையைப் பிளந்தும் காட்டிய சிறு உருவங்கள் அடியில் இடம்பெற்றன. நெருங்கிய இனங்களைப் பிரித்தறியும் திறவுகோல் அச்சிறு உருவங்களிலேதான் இருந்தது.

நீலகிரிச் சரிவுகளில் பூக்கும் குறிஞ்சியை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மலைமேனி நீலமாக மலரும் நீலக்குறிஞ்சியை மட்டுமே நாம் நினைவில் கொள்கிறோம். மேற்கு மலைத்தொடரில் குறிஞ்சி இனங்கள் பல உண்டு. பூ இல்லாத காலத்தில் அவை கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். பூங்கதிரின் அமைப்பு, பூவடிச் செதிலின் உருவம், மயிர்களின் தன்மை ஆகியவற்றைக் கண்டே பிரித்தறிய வேண்டும். அவற்றுள் ஒன்று வைட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இத்தனை படங்களையும் வரைந்த கைகள் ரங்கையாவின் கைகளும், அவர்க்குப் பின் வந்த கோவிந்துவின் கைகளுமே. வெள்ளையர் எழுதிய நூல்களில் நம் நாட்டு ஓவியரின் பெயர் மறைந்துபோவதே அந்நாளைய வழக்கு. வைட் தம் படங்களில் இவர்களின் பெயரைப் பொறித்தார். அதற்கும் மேலாக, ஆர்க்கிட் குடும்பத்துச் செடி ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயா என்று பேரினப் பெயரே சூட்டினார். பின்னாளில் அச்செடி முன்பே பெயர் பெற்ற ட்ரோபிடியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது என்று அறியப்பட்டமையால் அப்பெயர் வழக்கிழந்தது. உறவை ஆராயும் நூலின் நெறி எவர்க்கும் விலக்களிப்பதில்லை. ஆயினும் அவ்வோவியரின் அரிய படங்கள் எடின்பரோத் தாவரத் தோட்டத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

கோவை நாட்டுப் பருத்தி

1836இல் வைட் படைப் பணியிலிருந்து வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டார். 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பண்ணைகளை மேற்பார்த்தார். இதனைக் கும்பினி நம் உழவர் நலம் ஒன்றையே கருதித் தொடங்கவில்லை. இங்கிலாந்தின் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவைப்பட்டது; அதுவே காரணம்.

பருத்தியும் உறவு மயக்கம் தரும் செடியே. நம் நாட்டு உப்பம் பருத்தியும் அமெரிக்கப் பருத்தியும் ஒரே பேரினம். இலையும் பூவும் காயும் ஒத்த சாயல் உடையவை. ஆனால் நாட்டுப் பருத்தியின் உயிரணுவில் 26 குரோமோசோம்களும் அமெரிக்கப் பருத்தியில் 52 குரோமோசோம்களும் உள்ளன என்று 20ஆம் நூற்றாண்டு ஆராய்ச்சி காட்டிற்று. சாயல் ஒன்றாயினும் பிறந்த மண்ணும் பழகிய மழையும் வேறு. பதினோர் ஆண்டு முயன்றும், வானம் பார்த்த நிலத்து உழவர் அமெரிக்கப் பருத்தியை ஏற்கவில்லை. 1853இல் பண்ணைகள் முடிவுக்கு வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பருத்தியின் இனத்தைச் சார்ந்த கம்போடியாப் பருத்தி, கோவை மாவட்டத்துக் கிணற்றுப் பாசன நிலங்களில் வேரூன்றியது. வைட்டின் காலத்தில் கூடாதது, ஏற்ற வகையும் ஏற்ற நீரும் வாய்த்தபோது கூடிற்று.

இறுதிக் காலம்

1853இல் ஓய்வு பெற்ற வைட், இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே கிரேஸ்லி என்னும் இடத்தில் நிலம் வாங்கி வேளாண்மை செய்தார். 1855இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாம் அரிதில் திரட்டிய உலர்தாவரத் தொகுப்பை 1871இல் கியூ தாவரத் தோட்டத்திற்கு அளித்தார். அடுத்த ஆண்டு, 1872ஆம் ஆண்டு மே திங்கள் 26ஆம் நாள், தம் 75ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் உலகுக்கு அறிமுகப்படுத்திய புதிய இனங்கள் ஆயிரத்திற்கு மேற்பட்டவை.

நாம் கொள்ளத்தக்கது

டாக்டர் வைட் அயல்நாட்டார். அவருக்கு ஊதியம் அளித்த கும்பினி நம்மை ஆண்ட வணிகக் கூட்டம். இவ்விரண்டையும் மறவாமலே அவருடைய தொண்டை மதிக்கலாம். நம் மரங்களைப் பற்றிய அறிவு நம் மண்ணிலேயே அச்சாக வேண்டும், இங்குள்ளார் அதனைக் கண்டு ஒப்பிட வேண்டும் என்று அவர் கொண்ட எண்ணம் உயர்ந்தது. அவ்வறிவை உருவாக்கியதில் நம்மவர் கைகளும் கண்களும் பங்கு கொண்டன என்பதும் நமக்குப் பெருமை.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள், இங்குள்ள மரங்களை இவ்வூர்ப் பெயராலேயே அறிவர். ஜாமுன் என்பது நாவல் என்றும், பீபல் என்பது அரசு என்றும், அர்ஜுன் என்பது மருது என்றும் அவர்களுக்குச் சொல்லித் தருதல் பெற்றோர் கடமை. சொல்லும்போது பெயரோடு நிறுத்திவிடாமல், உதிர்ந்து கிடக்கும் ஓர் இலையையும் ஒரு காயையும் கையில் எடுத்துக் காட்டுதல் வேண்டும். ஐந்து சிறகுடைய மருதங்காயையும், சிறகில்லாத கடுக்காயையும் அருகருகே வைத்து, இவ்விரண்டும் எவ்வாறு உறவு என்று கேட்டால், பிள்ளைகளுக்குக் கூர்ந்து நோக்கும் பழக்கம் தானே வளரும். மொழி மாறினால் மரத்தின் பெயர் மாறும்; அதன் குலம் மாறாது. இடம் மாறி வாழும் நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.